செஸ் பலகை ஒன்று போதும்: வன்னியில் இருந்தபடி ‘கோ’ பழகுவது பற்றி

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் செஸ் பழக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கம்பியூட்டர் மனிதனைத் தோற்கடித்த கதையைப் படித்ததில் ‘கோ’ என்ற, கறுப்பு வெள்ளைக் காய்களால் இடம் வளைக்கும் பலகை ஆட்டத்தில் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஊரில் அதை விளையாடுகிறவர் எவருமில்லை. கடையில் பலகை கிடையாது. இணையத்தில் தேடினால் ஜப்பானியச் சொற்களாக வந்து தலை சுற்றுகிறது. இங்கே இருந்துகொண்டு இதைப் பழகலாமா, பழகினால் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாமா என்பது கேள்வி.

பழகலாம் தம்பி. பலகையும் காயும் பெரிய விசயமே இல்லை. இன்னொரு ஆள்தான் வேண்டும், அதுவும் உங்களைப் போலவே ஒன்றும் தெரியாத, தோற்றால் கோபிக்காத ஆள். புதிய ஆட்டம் ஒன்றைத் தனியாகப் புத்தகம் பார்த்துப் படித்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் புத்தகத்தோடேயே நின்றுவிடுவார்கள். முதல் நாளே இரண்டு பேராகத் தொடங்குங்கள். விதிகளைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதலில் பலகை. முழு அளவுக் கோப் பலகையில் நீளவாட்டில் 19 கோடு, அகலவாட்டில் 19 கோடு. காய்களைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் வெட்டும் புள்ளிகளில் வைப்பார்கள். மொத்தம் 361 புள்ளி. அந்தப் பலகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். புதியவர்களுக்கு 9 கோட்டுப் பலகைதான் சரி, அது ஏற்கெனவே உங்கள் நிலையத்தில் இருக்கிறது. செஸ் பலகையில் 8 கட்டம் இருந்தால், ஓரக்கோடு இரண்டையும் சேர்த்து 9 கோடு வரும்தானே? கட்டங்களை விட்டுவிட்டுக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் விளையாடுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொஞ்ச நேரம் கண்ணைக் குழப்பும், பிறகு பழகிவிடும். குழப்பம் வேண்டாமென்றால் பிரிஸ்டல் போர்டில் ஒரு பேனையும் அடிமட்டமும் வைத்துக் கீறிக்கொள்ளலாம். சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் கீறியும் விளையாடலாம், மழைக்காலம் இல்லாவிட்டால்.

காய்கள். 9 கோட்டுப் பலகையில் மொத்தம் 81 புள்ளிதான். ஆளுக்கு நாற்பது காய் இருந்தால் எந்த ஆட்டத்துக்கும் போதும். கறுப்புக்குப் புளியங்கொட்டை. வெள்ளைக்கு, தாயம் விளையாட உரைஞ்சுகிற மாதிரி அதே புளியங்கொட்டையைச் சீமெந்தில் உரைஞ்சி ஒரு பக்கம் வெள்ளையாக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கவேண்டும், வளைந்த பக்கம் கீழே போகும், சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு கொட்டை புரண்டால் வெள்ளைக் காய் கறுப்பாகிவிடும். பிறகு சண்டைதான். தையல்காரரிடம் கேட்டால் சேட்டுக்கு வைக்கும் வெள்ளைத் தெறிகள் கொஞ்சக் காசுக்கு ஒரு பை நிறையக் கிடைக்கும். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பிகளைக் கொண்டுவருவார்கள், அதுவும் நன்றாக இருக்கும். கரம் காய்களும் டாம் காய்களும் போதாது. பாதி ஆட்டத்தில் காய் தீர்ந்துவிடும்.

இனி விதி. கறுப்பு முதலில் வைக்கும், பிறகு மாறி மாறி ஒவ்வொரு காய். வைத்த காய் பிறகு அசையாது. செஸ்ஸிலிருந்து வருபவர்களுக்கு இந்த இடத்தில்தான் முதல் தடக்கு: குதிரை இல்லை, யானை இல்லை, எல்லாக் காயும் ஒன்றுதான், எதுவும் நடக்காது. ஒரு காயைக் கோட்டு வழியே ஒட்டியிருக்கும் வெறும் புள்ளிகள் அதன் மூச்சு. நடுவில் வைத்த காய்க்கு நான்கு மூச்சு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டு. ஒரே நிறக் காய்கள் கோட்டு வழியே ஒட்டி நின்றால் ஒரு கூட்டம், அவற்றின் மூச்சு எல்லாம் பொதுச்சொத்து. குறுக்காக நிற்பவை ஒட்டியவை அல்ல. ஒரு காயின் அல்லது கூட்டத்தின் எல்லா மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் அது முழுவதும் பலகையை விட்டு வெளியே. தன் காய்க்குத் தானே மூச்சு இல்லாமல் செய்யும் இடத்தில் வைக்கக்கூடாது. அப்படி வைப்பதால் எதிராளியின் காய் பிடிபடுமென்றால் மட்டும் வைக்கலாம்.

இன்னொரு விதி இருக்கிறது, அதைக் ‘கோ’ நிலை என்பார்கள் (ஆட்டத்தின் பெயர் மாதிரித் தெரிந்தாலும் இது வேறு சொல்). எதிராளி உங்கள் காய் ஒன்றை எடுத்த உடனேயே, நீங்கள் அவருடைய காயைத் திருப்பி எடுத்துப் பலகையைப் பழையபடி ஆக்கமுடியாத இடங்கள் உண்டு. இடையில் வேறெங்காவது ஒரு காய் வைத்துவிட்டு அடுத்த முறைதான் வரலாம். இல்லையென்றால் இரண்டு பேரும் விடியும்வரை அதே இரண்டு காயை எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லவேண்டாம். பலகையில் அப்படி ஒரு நிலை தானாக வரும்போது சொன்னால் ஒரு வசனத்தில் விளங்கும்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆடுபுலி ஆடியவர்களுக்குப் புள்ளியில் காய் வைப்பதும், அசைய வழியில்லாமல் வளைத்துவிடுவதும் புதிதல்ல. புலியை ஆடுகள் அடைக்கிற அதே எண்ணம்தான். ஆகவே செஸ்ஸில் கெட்டிக்காரப் பிள்ளையை விட, அம்மம்மாவோடு ஆடுபுலி விளையாடி வளர்ந்த பிள்ளை சில நேரம் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

தொடங்கும்போது முழு ஆட்டம் வேண்டாம். ‘யார் முதலில் ஒரு காயைப் பிடிக்கிறாரோ அவர் வென்றார்’ என்று மட்டும் சொல்லி விளையாடவிடுங்கள். ஜப்பானில் யசுதா யசுதோஷி என்ற தொழில்முறை ஆட்டக்காரர் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறையில்தான் சொல்லிக்கொடுத்தார், இன்று பல நாடுகளில் இதுவே முதற்பாடம். ஒரு ஆட்டம் சில நிமிடத்தில் முடியும். தோற்ற பிள்ளை அழ நேரம் கிடைக்குமுன் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும்.

இந்தச் சின்ன ஆட்டம் தானாகவே பெரிய ஆட்டமாக மாறும் இடம் ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். வவுனியாவில் நான் பார்த்தது இது. தரம் 7 பிள்ளை ஒருத்தியும் அவளின் தம்பியும். இருவருக்கும் பிடிபடாமல் விளையாடத் தெரிந்துவிட்டது. அவள் இடப்பக்கமிருந்து நான்காவது கோட்டில் மேலிருந்து கீழ்வரை சுவர் மாதிரிக் காய் வைத்திருந்தாள். அவன் ஐந்தாவது கோட்டில் அதேபோல. சுவர்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒருவரும் மற்றவர் பக்கம் போகத் துணியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்து, “சேர், இவன் கிட்டவே வாறானில்லை. நான் ஆரைப் பிடிக்கிறது?” என்றாள்.

“பிடிக்க ஒருவரும் இல்லாவிட்டாலும் முறை வந்தால் வைக்கத்தான் வேண்டும், வையுங்கோ” என்றேன். வைக்கத் தொடங்கினார்கள். அவள் பக்கம் மூன்று கோடு, 27 வெறும்புள்ளி. அவன் பக்கம் நான்கு கோடு, 36. இருவரும் தங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்து நிரப்ப, அவளுக்கு இடம் முதலில் தீரும். அதன் பிறகு தன் மூச்சைத் தானே அடைக்கவேண்டும், அல்லது அவன் வீட்டுக்குள் போய்ப் பிடிபடவேண்டும். பாதி வழியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. “அப்ப எண்ணினாலே காணுமே சேர், ஏன் நிரப்புவான்?” என்றாள். முழு ஆட்டத்தின் கணக்கு அதுதான். இடம் கூடியவர் வென்றார், நிரப்பிப் பார்க்கத் தேவையில்லை. இதை நீங்கள் வாயால் விளக்கினால் ஏறாது. அந்த முட்டுச்சுவர் வரும்வரை பொறுத்திருங்கள்.

இங்கே ‘உயிர்’ என்ற விசயத்தையும் சொல்லிவிடலாம். நிரப்பும்போது அவள் தன் பக்கத்தில் எத்தனை புள்ளியை விட்டுவைக்கவேண்டும்? ஒன்றோடொன்று சேராத இரண்டு ஓட்டை. ஒரே ஓட்டை இருந்தால், வெளியே முழுவதும் அடைத்தபின் எதிராளி கடைசி மூச்சாக அதற்குள் ஒரு காயைப் போட்டு எல்லாவற்றையும் அள்ளிவிடுவார். இரண்டு இருந்தால் ஒன்றுக்குள் போட்டாலும் மற்றது மூச்சாக நிற்கும், போட்ட காய்தான் சாகும். ஒரே முறையில் இரண்டு காய் வைக்கமுடியாதல்லவா? இந்த இரண்டு ஓட்டைகளைக் ‘கண்’ என்பார்கள். இரண்டு கண் உள்ள கூட்டத்தை யாராலும் பிடிக்கமுடியாது. இது தனியான விதி அல்ல, மேலே சொன்ன மூச்சு விதியிலிருந்து தானாக விளைவது. பலகையில் ஒரு கூட்டத்தை வைத்து, “முடிந்தால் பிடியுங்கோ பார்ப்போம்” என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது எங்கே தொடங்குவது என்பது. காணிக்கு வேலி அடைத்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை: இரண்டு பக்கம் ஏற்கெனவே மதில் இருந்தால் கதியால் மிச்சம். மூன்றுக்கு மூன்று, அதாவது 9 புள்ளியை வளைக்க மூலையில் 6 காய் போதும். ஓரத்தில் 9 வேண்டும். நடுவில் 12. அதனால்தான் பெரிய பலகையில் நல்ல ஆட்டக்காரர்கள் முதலில் மூலைகளைப் பிடிப்பார்கள், பிறகு ஓரம், கடைசியாக நடு. செஸ்ஸில் நடுவைப் பிடி என்று பழக்கிய கைக்கு இது நேர் எதிர். ஆனால் 9 கோட்டுப் பலகையில் நடுப்புள்ளியில் முதல் காய் வைப்பது நல்ல தொடக்கம்தான். சின்னப் பலகையில் நடு எல்லா மூலைக்கும் கிட்ட.

செஸ் தெரிந்தவருக்கு இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. நான்கு ஐந்து நகர்வு முன்னே பார்க்கும் பழக்கம் உதவும். தொல்லை எதுவென்றால், எதையும் விட்டுக்கொடுக்க மனம் வராது. செஸ்ஸில் ஒரு காலாள் போனாலும் நெஞ்சு இடிக்கும். கோ ஆட்டத்தில் ஒரு காய் பிடிபடப் போகிறது என்றால், அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று என்று வைத்துக் கடைசியில் பத்துக் காயாகக் கொடுப்பதுதான் புதியவர்களின் வழமையான தோல்வி. ‘ஏணி’ என்று ஒரு நிலையே உண்டு: ஓடும் கூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மூச்சு மிஞ்சும்படி இடம் வலமாக மாறி மாறி அடித்துக்கொண்டு ஓரம்வரை துரத்துவது. ஓடுகிற வழியில் ஓடுபவரின் நிறக் காய் ஒன்று ஏற்கெனவே நின்றால் தப்பலாம், இல்லையென்றால் ஓரத்தில் மொத்தமும் போகும். ஆகவே ஓடத் தொடங்குமுன் அந்தச் சாய்வான வழியைக் கண்ணால் ஓரம்வரை பார்த்துவிடவேண்டும். வழியில் ஆள் இல்லையென்றால் அந்த ஒரு காயை விட்டுவிட்டு வேறு பக்கம் வைப்பதுதான் கெட்டித்தனம்.

ஒரு புள்ளி கூடினாலும் வெற்றி வெற்றிதான். எதிராளியின் காய்கள் எல்லாவற்றையும் பிடிக்கவேண்டும் என்ற வெறி இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது. ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுபவர்கள் படையெடுப்பு, முற்றுகை, சரண் என்றுதான் கதைப்பார்கள். அந்தப் பாணியை நம் பிள்ளைகளிடம் கொண்டுபோகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இடம், மூச்சு, கண் என்ற மூன்று சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

நீங்கள் படித்த கம்பியூட்டர் கதையையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். செஸ்ஸில் டீப் புளூ என்ற கம்பியூட்டர் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது 1997இல். கோ ஆட்டத்தில் அந்த நிலைக்கு வர 2016 மார்ச் ஆயிற்று: சியோலில் கூகுள் டீப்மைண்டின் ஆல்பாகோ என்ற நிரல், தென்கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலை 4–1 என்று வென்றது. இவ்வளவு காலம் பிந்தியதற்கு வைக்கக்கூடிய இடங்கள் அதிகம் என்பது ஒரு காரணம். செஸ்ஸில் முதல் நகர்வுக்கு 20 வழி, இங்கே 361. பெரிய பலகையில் வரக்கூடிய சரியான நிலைகளின் எண்ணிக்கை 171 இலக்கம் கொண்ட எண். ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. செஸ்ஸில் யார் முன்னுக்கு நிற்கிறார் என்பதைக் காய்களின் பெறுமதியைக் கூட்டி ஓரளவு சொல்லிவிடலாம். இங்கே எல்லாக் காயும் ஒரே பெறுமதி. பாதி ஆட்டத்தில் யாருடைய இடம் எது என்றே தெளிவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் 37ஆவது காயை ஆல்பாகோ ஐந்தாவது கோட்டில் வைத்தபோது பிழையாக வைத்துவிட்டதோ என்று வர்ணனையாளர்களே யோசித்தார்கள். நான்காவது ஆட்டத்தில் லீயின் 78ஆவது காய் இயந்திரத்தைக் குழப்பியது. அவர் வென்ற ஒரே ஆட்டம் அது. இந்தக் கதை ஆசையை உண்டாக்கும், ஆட்டத்தைப் பழக்காது.

முடிவில் எண்ணுவதற்குச் சீன முறையைப் பிடியுங்கள். பலகையில் நிற்கும் உங்கள் காய்கள், அவை வளைத்த வெறும்புள்ளிகள், இரண்டையும் கூட்டினால் உங்கள் கணக்கு. மேலே சொன்ன அக்காவுக்கும் தம்பிக்கும் கணக்கு 36, 45. கூட்டினால் 81 வருகிறதா என்று பார்த்துச் சரிபிழை கண்டுகொள்ளலாம். ஜப்பானிய முறையில் பிடித்த காய்களைச் சேர்த்துவைத்து எண்ணவேண்டும், தன் இடத்துக்குள் தேவையில்லாமல் காய் வைத்தால் நட்டம். சீன முறையில் அந்தப் பயம் இல்லை. ‘இந்தக் கூட்டம் செத்ததா இல்லையா’ என்று தகராறு வந்தால், தொடர்ந்து விளையாடிக் காட்டு என்று சொல்லிவிடலாம். முழு ஆட்டத்தில் காய் வைக்காமல் முறையை விடலாம், அதைப் ‘பாஸ்’ என்பார்கள். இருவரும் அடுத்தடுத்து ‘பாஸ்’ சொன்னால் ஆட்டம் முடிந்தது. முதலில் வைப்பதால் கறுப்புக்கு வரும் வசதிக்கு ஈடாக வெள்ளைக்குச் சில புள்ளி கொடுப்பார்கள், பெரிய பலகையில் சீன விதிப்படி ஏழரை. உங்களுக்கு இப்போது அது வேண்டாம், பழகாதவருக்குக் கறுப்பைக் கொடுத்தால் சரி.

சனசமூக நிலையத்துக்கு இந்த ஆட்டம் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு முக்கிய காரணம் இனிச் சொல்வது. ஒருவர் கெட்டிக்காரர், மற்றவர் புதியவர் என்றால், புதியவர் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று காய்களைப் பலகையில் வைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். பெரிய பலகையில் ஒன்பது காய்வரை கொடுப்பது வழக்கம். உயர்தரம் படிக்கும் அண்ணனும் தரம் 5 தங்கையும் இப்படி உண்மையாகவே சமமாக விளையாடலாம், அண்ணன் வேண்டுமென்று தோற்றுக் கொடுக்கத் தேவையில்லை. செஸ்ஸில் ஒரு ராணியை எடுத்துவிட்டு விளையாடினால் அது வேறு ஆட்டமாகிவிடும். இங்கே ஆட்டம் ஆட்டமாகவே இருக்கும்.

இணையம் பற்றி. ஆன்லைன் கோ சேர்வர் என்ற தளம் இருக்கிறது, ஓஜிஎஸ் என்பார்கள். போனின் பிரவுசரிலேயே விளையாடலாம். அதில் தபால் ஆட்டம் மாதிரி ஒன்று உண்டு: நாளுக்கு ஒரு காய் வைத்தாலும் போதும். சிக்னல் வந்து வந்து போகும் இடங்களுக்கும் கரண்ட் போகும் இரவுகளுக்கும் அது தோது. ஆப் தேடும்போது அதே பலகையில் ஐந்து காயை வரிசையாக அடுக்கும் வேறொரு ஆட்டம் கோ என்ற பெயரோடு வந்து நிற்கும், ஏமாறவேண்டாம். கட்டாகோ போன்ற இலவச நிரல்களோடு விளையாடுவதைத் தொடக்கத்தில் நான் விரும்பமாட்டேன். இயந்திரம் களைக்காது, சிரிக்காது, ஏன் அந்தக் காய் பிழை என்று வாயால் சொல்லாது. வெற்றி வாய்ப்பு இத்தனை வீதம் குறைந்தது என்று எண் மட்டும் காட்டும். சில மாதம் கழித்து, விளையாடி முடித்த ஆட்டத்தை அதில் போட்டு எந்த இடத்தில் சறுக்கியது என்று பார்க்க நல்லது.

9 கோட்டில் ஏணியும் கண்ணும் கைவந்தபின் 13 கோட்டுக்குப் போங்கள், பிரிஸ்டல் போர்டின் மறுபக்கத்தில் கீறிவிடலாம். 19க்கு அவசரம் இல்லை. ஒரு ஆட்டம் ஒரு பின்னேரத்தையே விழுங்கும், அத்தனை காயும் வேண்டும்.

பிள்ளைகளின் செஸ் கெட்டுவிடுமா என்று பெற்றோர் கேட்பார்கள். கெடாது. ஆனால் செஸ்ஸுக்குப் பாடசாலைப் போட்டி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. கோவுக்கு இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போட்டி மாதங்களில் செஸ், மிச்சக் காலத்தில் கிழமைக்கு ஒரு நாள் கோ என்று வைத்துக்கொண்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

உங்களோடு சேர்ந்து பழகவேண்டிய அந்த முதல் ஆளாக உங்கள் நிலையத்தின் முதல்தரச் செஸ் மாணவனைப் பிடிக்காதீர்கள். புதிய ஆட்டத்தில் சின்னவர்களிடம் தோற்க அவனுக்கு வெட்கமாக இருக்கும், இரண்டாம் கிழமை வரமாட்டான். நாள் தவறாமல் பேப்பர் பார்க்க வந்து, பிறகு டாம் விளையாட ஆள் தேடிக்கொண்டிருக்கும் ஐயா ஒருவர் எல்லா நிலையத்திலும் இருப்பார். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.